பாட்டர் கவுண்டிக் காட்டுக்குள் நுழைய யாரிடம் கேட்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியிலிருந்து இரண்டு குடும்பங்களாகக் கிளம்புகிறீர்கள். 6 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் 68 வயது அம்மாவும் உடன் வருகிறார். ஆகஸ்ட் மாதம் ஒரு வார இறுதியில் பென்சில்வேனியாவின் பாட்டர் கவுண்டிக்குப் (நம்மூர் மாவட்டம் போல) போக எண்ணம். அங்குள்ள செர்ரி ஸ்பிரிங்ஸ் மாநிலப் பூங்காவில் பால்வீதி நன்றாகத் தெரியும் என்று நண்பர் சொல்லியிருக்கிறார். "அங்கே என்னென்ன பார்க்கலாம்?" என்று தொடங்கியிருக்கிறீர்கள், ஆனால் உண்மையான கவலை கேள்வியின் பின்பாதியில்தான் இருக்கிறது. காட்டுக்குள் நடக்க அனுமதி வாங்க வேண்டுமா, யாராவது தடுத்துக் கேட்பார்களா, பிள்ளைகளையும் அம்மாவையும் நம்பி அழைத்துப் போகலாமா? அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும்.

நான் மேட்டுப்பாளையத்தில் வனவியல் படித்தவன். பிழைப்பு வடமத்திய பென்சில்வேனியாவில் அமைந்துவிட்டது. மரம் அளப்பதும் மதிப்பிடுவதும் தொழில். விடுமுறை நாட்களில் நடைபாதைகளில் விழுந்து கிடக்கும் மரங்களை அறுத்து ஒதுக்கும் தன்னார்வலர்களோடு போவது வழக்கம். அதனால் உங்கள் கவலை எங்கிருந்து வருகிறது என்று நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் காப்புக்காடு என்றால் அனுமதியில்லாமல் கால் வைப்பதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்ற விதிகள் இன்னும் இறுகின. அப்படி வளர்ந்த நமக்கு, ஆளே இல்லாத ஒரு காட்டுப்பாதையின் தொடக்கத்தில் காரை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தால் திருட்டுத்தனம் செய்வது போல உறுத்தும். இங்கே உறுத்த வேண்டியதில்லை. மாநிலக் காட்டில் பகலில் நடக்க அனுமதிச் சீட்டு வேண்டாம், கட்டணம் இல்லை, சோதனைச்சாவடியும் இல்லை. பென்சில்வேனியாவின் மாநிலப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம்கூடக் கிடையாது.

ஆனால் நீங்கள் நிற்பது யாருடைய நிலம் என்பது தெரிந்திருக்க வேண்டும். பாட்டர் கவுண்டியில் எங்கே திரும்பினாலும் மரம்தான். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், சட்டத்துக்கு ஒன்றல்ல. மாநிலப் பூங்கா என்பது சிறிய இடம்: கழிப்பறை, உணவு மேசைகள், முகாம் தளங்கள், கண்டிப்பான விதிகள். செர்ரி ஸ்பிரிங்ஸ் மொத்தமே 82 ஏக்கர்தான். அதைச் சுற்றிக் கடல்போல் கிடப்பது சஸ்குவஹானாக் மாநிலக் காடு, இரண்டரை லட்சம் ஏக்கருக்கும் மேல். பூங்காவையும் காட்டையும் ஒரே துறைதான் நிர்வகிக்கிறது என்றாலும் காட்டில் விதிகள் தளர்வு, வசதிகளும் அநேகமாக இல்லை. மூன்றாவது வகை மாநில வேட்டை நிலங்கள். அவை வேட்டைக்கான தனி ஆணையத்தின் கையில் இருப்பவை. அங்கே நடக்கலாம், முகாம் போடக் கூடாது. நான்காவது, தனியார் நிலம். இதில்தான் நம்மவர்கள் தெரியாமல் நுழைந்துவிடுகிறார்கள்.

தனியார் நிலத்தை அறியப் பலகையை மட்டும் தேடாதீர்கள், மரத்தையும் பாருங்கள். அடிமரத்தில், தரையிலிருந்து இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில், ஓர் அங்குல அகலமும் எட்டு அங்குல நீளமுமாகச் செங்குத்தாக ஊதா நிறக் கோடு அடித்திருந்தால் அது "உள்ளே வராதே" என்பதற்குச் சமம். 2020 ஜனவரி முதல் இந்த ஊதாக் கோட்டுக்கு எச்சரிக்கைப் பலகைக்கு இணையான சட்ட மதிப்பு இருக்கிறது. மரத்துக்கு மரம் 100 அடிக்குள் இந்தக் கோடு தொடர்ந்து வரும். மாறாக, ஆரஞ்சு நிறப் பட்டை தென்பட்டால் கவலை வேண்டாம். அது நடைபாதையின் அடையாளம். 85 மைல் அளவில் வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் சஸ்குவஹானாக் நடைபாதை முழுவதும் அந்த ஆரஞ்சுதான். பிள்ளைகளிடம் அடுத்த ஆரஞ்சுப் பட்டையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். வழியும் தவறாது, "கால் வலிக்கிறது" என்ற பாட்டும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

இனி வானம். செர்ரி ஸ்பிரிங்ஸ் 2007-இல் சர்வதேச இருள்வானப் பூங்கா என்ற தகுதியைப் பெற்றது. அந்தப் புகழுக்குப் பின்னால் மூன்று எளிய காரணங்கள் உள்ளன. ஏறத்தாழ 2,300 அடி உயரத்தில், தட்டையான மலைமுகட்டில் இருக்கிறது; கவுடர்ஸ்போர்ட், கேலிட்டன் போன்ற சிற்றூர்கள் கீழே பள்ளத்தாக்குகளில் ஒளிந்திருப்பதால் அவற்றின் விளக்கொளி மேலே எட்டுவதில்லை; சுற்றிலும் உள்ள காட்டில் யாரும் வீடு கட்ட முடியாது. 2020 கணக்கெடுப்பின்படி கவுண்டி முழுவதும் சுமார் 16,000 பேர்தான். நியூ ஜெர்சியில் ஒரு சிறு நகரத்திலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

தேதியை நீங்கள் விடுப்பைப் பார்த்து முடிவு செய்திருப்பதாகத் தெரிகிறது. நிலாவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பௌர்ணமியை ஒட்டிப் போனால் ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிப்போய் நிலாவை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை, அம்மாவிடம் கேளுங்கள். ஆடி அமாவாசையோ ஆவணி அமாவாசையோ, அதற்கு முன்பின் நான்கைந்து நாட்களுக்குள் வரும் வார இறுதிதான் உங்களுக்கு உகந்தது. பால்வீதியின் மையப்பகுதி அந்த மாதங்களில் இருட்டியதும் தெற்கே தெரிய ஆரம்பிக்கும். அம்மாவுக்கு நட்சத்திரப் பெயர்கள் பஞ்சாங்கத்தில் பழக்கமென்றால் அவரைக் கொஞ்சம் அசத்தலாம். தெற்கில் தாழ்வாகச் செந்நிறத்தில் மினுங்குவது கேட்டை. அதிலிருந்து விருச்சிகத்தின் வால் கீழ்நோக்கி வளைந்து போகும் நுனியில் மூலம். பால்வீதி மிகத் தடித்துத் தெரிவது அந்தப் பக்கம்தான். சென்னையில் கேட்டை வானத்தில் பாதி உயரத்துக்கு ஏறும்; இங்கே மரங்களின் தலைக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடும். துருவ நட்சத்திரமோ நேர்மாறாக, ஊரில் அடிவானத்தை ஒட்டிக் கிடந்தது இங்கே பாதி வானத்துக்கு ஏறியிருக்கும்.

பூங்காவில் வானம் பார்க்க இரண்டு தனித்தனி இடங்கள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று, சில மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கான பொதுத் திடல், கட்டணம் இல்லை. மற்றொன்று, தொலைநோக்கியோடு வந்து இரவு முழுவதும் தங்குகிறவர்களுக்கான களம். அதற்கு முன்பதிவும் கட்டணமும் உண்டு, இருட்டிய பிறகு வண்டியை எடுக்க முடியாது. உங்களுக்கு ஏற்றது முதலாவது. எங்கே இருந்தாலும் வெள்ளை விளக்கு கூடாது. கண் இருட்டுக்குப் பழக இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும். ஒருவர் செல்பேசியைத் திறந்த அரை நொடியில் சுற்றியிருக்கும் அத்தனை பேரின் அரைமணி நேரமும் வீண். கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள். கார்க் கதவைத் திறந்தால் உள்ளே எரியும் விளக்கை வெளிச்சம் இருக்கும்போதே அணைத்து வையுங்கள். போர்வை, தண்ணீர், பிள்ளைகளின் ஸ்வெட்டர் எல்லாவற்றையும் இருட்டுவதற்கு முன்பே டிக்கியிலிருந்து இறக்கிவிடுங்கள். அங்கே நான் பார்த்த சண்டைகள் எல்லாமே டிக்கி விளக்கில் தொடங்கியவை.

இதுவரை சொன்னவை உறுதியானவை. உறுதியில்லாதது மேகம். இந்த மேட்டுநிலத்தில் வானம் தெளிவாக இருக்கும் என்று எவராலும் வாக்குக் கொடுக்க முடியாது. அமாவாசை வாய்த்து, விடுதி வாய்த்து, மாலை ஐந்து மணிக்கு மேகம் வந்து உட்கார்ந்துகொள்வது சர்வசாதாரணம். 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீயின் புகை வந்து மூடியதே, அதுபோலவும் நடக்கலாம். ஆகவே ஓரிரவுக்காகப் போகாதீர்கள், இரண்டு இரவாவது தங்குங்கள். இன்னொன்று, இணையத்தில் வரும் படங்களில் பால்வீதி ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கொழிக்கும். அது கேமரா நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்துக் காட்டுவது. வெறும் கண்ணுக்கு அது சாம்பல் வெண்மைதான். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவைக்காவிட்டால், "இவ்வளவுதானா?" என்பார்கள். அவர்கள் விழித்திருப்பதற்கும் நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆகஸ்டில் சரியாக இருட்டவே பத்து மணி ஆகிவிடும்.

குளிரை யாரும் நம்புவதில்லை. பகலில் வியர்க்கும் அதே ஆகஸ்ட் நாளின் நள்ளிரவில் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கலாம். அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை, காலுறை, சாய்வு நாற்காலி மூன்றும் கட்டாயம். தரையில் பாய் விரித்துப் படுத்தால் பனி நனைத்துவிடும். தங்குவதற்கும் அம்மாவை வைத்தே முடிவெடுக்கச் சொல்வேன். செர்ரி ஸ்பிரிங்ஸ் முகாம் தளத்தில் குளிக்க வசதி இல்லை, கழிப்பறை குழிவகை. லைமன் ரன், ஓல் புல் ஆகிய பூங்காக்களின் முகாம் தளங்கள் வசதியில் மேல். ஆனால் அமாவாசை வார இறுதிகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். முழங்கால் வலி இருக்குமானால் கவுடர்ஸ்போர்ட்டிலோ கேலிட்டனிலோ விடுதி எடுத்துக்கொண்டு இரவில் மேலே போய் வாருங்கள். திரும்பும்போது மெதுவாக ஓட்டுங்கள், சாலையின் குறுக்கே மான் பாய்வது அங்கே அன்றாட நிகழ்வு.

பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிக் கேட்டபோது நீங்கள் கரடியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் அஞ்சுவது உண்ணிக்கு. கரடி இருக்கிறது, உண்மைதான். ஆனால் நம்மூர்க் கரடியை மனதில் வைத்து இதை எடைபோடாதீர்கள். நம்மூர்க் கரடி திடுக்கிட்டால் மேலே பாயும். இங்குள்ள கருங்கரடி பெரும்பாலும் சத்தம் கேட்டதும் நகர்ந்துவிடும். அதற்கு வேண்டியது உங்கள் பிரியாணி, நீங்கள் அல்ல. சாப்பாட்டையும் எச்சில் தட்டுகளையும் கூடாரத்தில் வைக்காமல் காருக்குள் பூட்டுங்கள். கரடிக்கு உணவு போடுவது இங்கே சட்டப்படி குற்றம். பாறைச் சரிவுகளில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கை வைக்கக் கூடாது, பாறை இடுக்கின் மேல் உட்காரக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும்.

உண்ணி விஷயம் அப்படியல்ல. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி பென்சில்வேனியாவின் 67 கவுண்டிகளிலும் இருக்கிறது. அதன் இளம்பருவம் கசகசா அளவுதான்; கடித்தால் வலிக்காது. மே முதல் ஜூலை வரை அது உச்சம், ஆகஸ்டில் குறையும், இல்லாமல் போகாது. வெளிர்நிற முழுக்கால் சட்டை போட்டு அதன் முனையைக் காலுறைக்குள் செருகுங்கள். புல்லும் பெரணியும் உரசும் ஓரத்தை விட்டுப் பாதையின் நடுவில் நடக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், இடுப்புப் பட்டை அழுந்தும் இடம், அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணைவிட விரல் நன்றாகக் கண்டுபிடிக்கும். ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது போன்ற பாட்டி வைத்தியங்கள் வேண்டாம். ஒட்டி 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் பொதுவாக நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. நான் மருத்துவன் அல்ல. பிறகு காய்ச்சலோ, பரவும் சிவந்த வட்டமோ வந்தால் அங்கே பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

சமைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. பூங்காவின் உணவு மேசைகளில் கேஸ் அடுப்பு வைத்துச் சமைக்கலாம். விறகுத் தீ என்றால் அதற்கென்று இரும்பு வளையம் பதித்த இடத்தில் மட்டும். விறகை நியூ ஜெர்சியிலிருந்து கட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டாம், உள்ளூரில் வாங்குங்கள். விறகோடு பயணம் செய்யும் பூச்சிகள் இந்தக் காடுகளில் ஆஷ் மரங்களை ஏற்கெனவே கொன்று குவித்திருக்கின்றன. பூங்காவில் மதுவுக்கு அனுமதியில்லை. டிரோன் பறக்கவிட மாநிலத்தில் ஒருசில பூங்காக்களில் மட்டுமே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், செர்ரி ஸ்பிரிங்ஸ் அதில் சேராது. மாநிலக் காட்டுக்குள் பையைச் சுமந்து நடந்துபோய் ஓரிடத்தில் ஓரிரவு கூடாரம் போடுவதற்கு அனுமதி தேவையில்லை. காரை நிறுத்தி அதன் பக்கத்திலேயே முகாமிடுவதென்றால் முன்கூட்டியே காட்டு அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

பகல் பொழுதுக்கு நான் இரண்டு இடங்களைச் சொல்வேன். முதலாவது, பக்கத்து டயோகா கவுண்டியில் இருக்கும் பைன் கிரீக் பள்ளத்தாக்கு. செர்ரி ஸ்பிரிங்ஸிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போல ஆகும். லெனர்ட் ஹாரிசன் பூங்காவில் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து சில நிமிட நடையில் பார்வைமேடை. அம்மா சிரமமில்லாமல் போகலாம். அங்கிருந்து ஓடை சுமார் 800 அடி கீழே தெரியும். வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்த நீரைப் பனியுக காலத்துப் பனிப்பாறை அடைத்துவிட, தேங்கிய ஏரி வழிந்து தெற்கே அறுத்துக்கொண்டு போன பள்ளம் அது. கீழே இறங்கும் செங்குத்துப் பாதையில் அம்மாவை மட்டுமல்ல, 6 வயதுக் குழந்தையையும் இறக்க வேண்டாம். ஏறும்போது சுமக்க வேண்டியது நீங்கள்தான். பள்ளத்தின் அடியில், 1988-இல் ரயில் நின்றுபோன பாதையைச் சமன்செய்து 62 மைல் நீளத்துக்குச் சைக்கிள் தடமாக்கியிருக்கிறார்கள். ஏற்றமே தெரியாது, 9 வயதுக்காரருக்கு ஏற்றது.

இரண்டாவது, ஆஸ்டின் அணை. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். காகிதக்கூழ் ஆலைக்காக 1909-இல் கட்டிய கான்கிரீட் அணை, 1911 செப்டம்பர் 30 அன்று உடைந்து கீழே இருந்த ஊரை அடித்துக்கொண்டு போனது; 78 பேர் மாண்டார்கள். உடைந்த பாளங்கள் இன்றும் ஆளுக்கொரு திசையில் சாய்ந்தபடி புல்வெளியில் நிற்கின்றன. இதைப் பார்த்தால்தான் இந்தக் காட்டின் கதையும் விளங்கும். நீங்கள் கன்னிக்காடு என்று நினைத்து நடக்கப்போவது கன்னிக்காடு அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக இந்த மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. ஹெம்லாக் மரங்களை, பலகைக்கு மட்டுமன்றித் தோல் பதனிடும் பட்டைக்காகவும் வெட்டித் தீர்த்தார்கள். மிஞ்சிய கழிவு தீப்பற்றி எரிந்தது. யாருக்கும் வேண்டாமல் போன அந்த நிலங்களை மாநிலம் மலிவாக வாங்கிப்போட்டு விட்டுவைத்ததால் முளைத்ததுதான் இன்றைய பிளாக் செர்ரி, மேப்பிள், பீச் காடு. பெரும்பாலான மரங்களுக்கு நூறு வயதை ஒட்டித்தான் இருக்கும். இதே மாநிலக் காட்டின் ஹேமர்ஸ்லி பகுதியில் இப்போது 30,000 ஏக்கர் பரப்பில் ஒரு சாலைகூட இல்லை; ஒருகாலத்தில் அதற்குள் மரம் ஏற்றிய ரயில் ஓடியது. வனவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு வானத்தைவிட இதுதான் பெரிய அதிசயம். ஆனால் உங்கள் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். லைமன் ரன் ஏரியின் மணல்கரையில் ஒரு பிற்பகலை அவர்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். உயிர்காப்பாளர் இருக்கமாட்டார், ஒரு பெரியவர் நீரிலேயே நிற்க வேண்டும்.

ஆகஸ்டில் இடம் கிடைக்காமல் அக்டோபருக்குத் தள்ளிப்போட்டால் ஒரு விஷயம் மாறிவிடும். இலை சிவக்கும் அதே மாதங்கள் வேட்டைக் காலமும் கூட. மாநிலக் காட்டிலும் பூங்காக்களின் பெரும்பகுதியிலும் வேட்டை சட்டப்படி நடக்கும். ஒளிரும் ஆரஞ்சு நிற மேலாடையும் தொப்பியும் எல்லோருக்கும், அம்மா உட்பட, வாங்கிவிடுங்கள். நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலும் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) அடுத்த சனிக்கிழமை துப்பாக்கி மான்வேட்டை தொடங்கும். அது நடக்கும் இரண்டு வாரமும் குடும்பத்தோடு காட்டுக்குள் நடக்கச் சட்டம் தடுக்கவில்லை, நான் தடுக்கிறேன்.

கடைசியாக வழி. மலைமேல் பெரும்பாலும் செல்பேசிச் சமிக்ஞை கிடைக்காது. வரைபடத்தைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள், காகித வரைபடம் காட்டு அலுவலகத்தில் இலவசமாகவே கிடைக்கும். கவுடர்ஸ்போர்ட்டிலோ கேலிட்டனிலோ பெட்ரோலை நிரப்பிக்கொண்டு மேலே ஏறுங்கள்; மலைமேல் கிடையாது. செல்பேசி குறுக்குவழி என்று மண்சாலைக்குள் திருப்பினால் கோடையில் வண்டியில் புழுதி படிவதோடு போகும், பனிக்காலத்தில் அதே சாலையில் பனி அள்ளவே மாட்டார்கள். இரண்டு குடும்பமும் இரண்டு காரில் போகிறீர்கள் என்றால், பிரிந்துபோனால் எந்த இடத்தில் எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதைக் கிளம்பும்போதே பேசி வையுங்கள். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள்; அன்றிரவு நிலா எப்போது மறைகிறது, எத்தனை மணிக்கு மேலே இருக்க வேண்டும் என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.